தரையில் படுத்துப் பார்த்த சீலிங்: கென்ட் மாளிகையில் ஒரு சனிக்கிழமை

என் அண்ணை பாரிஸில் இருபது வருடமும், பிறகு லண்டனிலும் சுவர்ப்பூச்சு வேலை செய்தவர். பெப்ரவரியில் ஏணியிலிருந்து விழுந்தார். வலது கை இனித் தோளுக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சோபாவும் டிவியும்தான். பூக்களைப் பார்த்தாலாவது மனம் மாறட்டும் என்று, மே மாதத்துச் சனிக்கிழமையொன்றில் கென்டிலுள்ள பழைய பிரபு மாளிகைக்கு அவரைக் கூட்டிப்போனேன்.

லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற ஊரிலிருந்து காரில் 31 மைல். காலை 9.10க்குப் புறப்பட்டு 10.25க்குப் போய்ச் சேர்ந்தோம். டிக்கெட் ஒருவருக்கு 17 பவுண். கார் நிறுத்த இலவசம்.

ஓக் மரங்களுக்கிடையே அரை மைல் நடந்து திரும்பியதும் வீடு தெரிந்தது. செங்கல் மாளிகை. புகைபோக்கிகளை முப்பது வரை எண்ணி, பிறகு கைவிட்டேன். இவ்வளவு பெரிய வீட்டில் சாப்பாட்டுக்கு ஆட்களை எப்படிக் கூப்பிட்டார்களோ! தோட்டத்துச் சுவர் முழுக்க விஸ்டேரியாப் பூக்கொடி ஊதாச் சரங்களாகத் தொங்கியது. என்னால் நகர முடியவில்லை. அண்ணை, "வடிவுதான்" என்றார். பக்கத்திலிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

12.30க்கு மழை தொடங்க உள்ளே ஓடினோம். பெரிய மண்டபத்தில் நிமிர்ந்து பார்த்தேன். சீலிங் முழுக்க வெண்சாந்தில் திராட்சைக் கொடிகள், பறவைகள், ஓடும் மான்கள். நானூறு வருடத்து வேலை. திரும்பினால் அண்ணை தரையில் மல்லாந்து படுத்திருந்தார்.

"எழும்புங்கோ அண்ணை, ஆக்கள் பாக்கினம்!"

"பாக்கட்டும். நிண்டு பாத்தா கழுத்துத்தான் நோகும்."

மண்டபத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அம்மா, விழுந்துவிட்டார் என நினைத்து ஓடி வந்தார். விழவில்லை என்று சொல்லி, அண்ணையின் தொழிலைச் சொன்னேன். அண்ணை இடது கையால், திராட்சைக் குலை தொங்கிய ஒரு மூலையைக் காட்டினார். "அந்த முந்திரிகைக் குலை புதுசு. வேற ஆள் செய்தது எண்டு சொல்லு."

நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த அம்மா திகைத்துப் போனார். ஈரம் பட்டு விழுந்த மூலையாம்; அண்மையில்தான் திருத்தினார்களாம். பார்வையாளர் எவரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லையாம்.

"அவ்வளவு உயரத்தில நிண்டு எப்பிடிச் செய்தவங்கள்? கேள்."

திருத்தியவர்கள் மேலே நின்று செய்யவில்லை என்றார் அந்த அம்மா. பழைய குதிரை லாயத்துப் பட்டறையில், மேசையில் வைத்துச் சாந்தை அச்சில் வார்த்திருக்கிறார்கள். மேலே கொண்டுபோய்ப் பொருத்தியது வேறு ஆட்கள். கிழமை நாட்களில் அந்த வேலையைப் பார்க்கலாமாம்.

அண்ணை எழுந்து உட்கார்ந்தார். "மேசையில வைச்சோ?"

"ஓம் அண்ணை."

வலது கையை மெல்ல நெஞ்சளவுக்கு உயர்த்தி, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுக்கு ஏலும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: மழைச் சட்டையும் நல்ல சப்பாத்தும் தேவை. இருவருக்குத் தேநீரும் ஸ்கோனும் 11.40 பவுண். தரையில் படுப்பதென்றால் முதலில் கேளுங்கள். முடிந்தால் கிழமை நாளில் போங்கள். நாங்கள் அடுத்த செவ்வாயே லீவு போட்டுவிட்டு மறுபடி போனோம். லாயத்துக்குள் நுழைந்த அண்ணைக்காக நான் தோட்டத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். வெளியே வந்தபோது அவர் தலைமயிரெல்லாம் வெள்ளைத் தூள்.