இரண்டாவது கயிறு

கனடாவின் மொன்றியல் நகரில் விறகில் பொங்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான் என்று அம்மா பக்கத்து ஊரான புரோசார்ட்டில் இருந்த பெரியம்மாவிடம் தொலைபேசியில் அடிக்கடி சொல்வார். எனக்கும் அதில் பெருமை தாங்காது. நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் சுவருக்குள், வீட்டைச் சூடாக்கும் ஓர் இரும்பு விறகடுப்பு பொருத்தப்பட்டிருந்தது. அதன் மேற்பகுதி ஒரு பானை இருக்கும் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தைப்பொங்கலன்று வெளியில் மைனஸ் இருபத்தைந்து. சூரிய பகவானை யன்னலுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, அம்மா உள்ளே பாலைப் பொங்கவிடுவார்.

எனக்குப் பத்து வயதான வருடம் பால் பொங்கும்போதே அடுப்பிலிருந்து புகையும் கிளம்பி வீடெல்லாம் நிறைந்து, எச்சரிக்கை மணி அலறியது. இனிப் புது அடுப்புத்தான் என்றார் அப்பா. பழசைத் திருத்தினால் போதும் என்றார் அம்மா. ஒரு வாரமாக வீட்டில் இதே கதை. நான் அப்பாவின் கட்சி. பெருமை ஒரு பக்கம் இருந்தாலும், சிநேகிதி வீட்டில் இருந்த பெரிய கண்ணாடி வைத்த அடுப்பில்தான் ஆசை.

அடுப்புத் திருத்துபவர் வந்தார். அவருடைய பிரெஞ்சை மொழிபெயர்க்கும் உத்தியோகம் எனக்கு. இரும்பு நன்றாக இருக்கிறது, அடுப்புக் கதவைச் சுற்றி ஒட்டி, புகை வெளியே வராமல் அடைக்கும் தீப்பிடிக்காத கயிறுதான் கல்லாய் இறுகிவிட்டது என்றார். அதில் ஒட்டியிருந்த கரிய பொருக்கைச் சுரண்டி, இது என்ன என்று கேட்டார். வெட்கத்தில் ‘சூப்’ என்றேன். அந்தச் சொல் அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

“என்ன சூப்போ? பொங்கல் எண்டு வடிவாய்ச் சொல்லு!”

பாலை வேண்டுமென்றே வழியவிடுகிறோம் என்று நான் சொன்னதை நம்ப, திருத்த வந்தவருக்குச் சற்று நேரம் எடுத்தது. வருடாவருடம் பால் வடிந்தால் எந்தக் கயிறும் நிலைக்காது என்று சொல்லி, புது அடுப்புகளின் படப்புத்தகத்தை நீட்டினார். அப்பா ஆசையோடு பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு மேலை பானை வைக்கேலுமோ எண்டு கேள் பிள்ளை.”

கேட்டேன். எல்லாம் சுவரோடு சுவராக இருப்பவை, பானைக்கு இடமில்லை என்றார். அப்பா புத்தகத்தை மூடினார்.

“அப்ப பழசையே திருத்தச் சொல்லு. கயிறு ரெண்டு கொண்டுவரட்டும்.”

“ஏனப்பா ரெண்டு?”

“அடுத்த வருசமும் பொங்கோணுமெல்லே.”

அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். பின்னேரம் பெரியம்மாவிடம், “இவருக்குப் பழசிலைதான் விருப்பமாம்” என்று சொல்லிச் சிரித்தது கேட்டது. அப்பா தோற்றுப்போனார் என்று எனக்கு ஒரே கோபம்.

அப்பா அம்மாவுக்கு ஒரு பூக்கூட வாங்கிக் கொடுத்ததில்லை என்று வளர்ந்த பிறகும் குறை சொல்லித் திரிந்தேன். ஆனால் ஒவ்வொரு தையிலும் பொங்கல் முடிந்த கையோடு அவர் அடுப்பின் முன்னால் முழங்காலில் நின்று புதுக் கயிறு ஒட்டுவார். பக்கத்தில் பசைப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.