சோப்புப் படலமும் கல்யாண மண்டப உத்திரமும்

திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பால்கனியைத் தாங்கும் ஓர உத்திரத்துக்குக் கணக்குப் போட்ட மகானுபாவன் நான்தான். பால்கனி ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் உத்திரத்தை முறுக்கப் பார்க்கும். உத்திரத்தை வெட்டிப் பார்த்தால் சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை; மூலையைக் கடித்த பிஸ்கெட்டுக்கு வால் முளைத்தது போலிருக்கும். அழகுக்காக உரிமையாளர் கேட்ட வடிவம் அது.

திங்கட்கிழமை காலை கான்கிரீட். ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. உத்திரத்தின் முறுக்குக்கு நான் போட்ட சூத்திரம் வட்ட வடிவத்துக்கு மட்டுமே உரியதோ? சாம்பாரைத் தள்ளி வைத்தேன். பால்கனி மெல்லத் திரும்பி, மேளக்காரர்கள் வரிசையாக மாப்பிள்ளை மடியில் விழுவது கண்ணெதிரே ஓடியது. புத்தகத்தைப் புரட்டினேன், எழுத்துகள் நீந்தின.

கல்லூரியில் கேட்ட ஒரு வித்தை நினைவுக்கு வந்தது. உத்திரத்தின் வடிவத்தில் துளை வெட்டி, சோப்புப் படலம் விரித்து, கீழிருந்து காற்றை அழுத்த வேண்டும். எந்த வடிவம் அதிகம் உப்புகிறதோ அது முறுக்கை அதிகம் தாங்கும்.

ஐஸ்கிரீம் டப்பா மூடியில் ஒரே பரப்பளவில் இரண்டு துளைகள் வெட்டினேன்: ஒரு வட்டம், ஒரு பிஸ்கெட். என் சூத்திரப்படி பிஸ்கெட்தான் பலசாலி. மூடியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி டப்பாவில் பொருத்தியதும், டப்பாவை மனைவி வாங்கிக்கொண்டாள்.

"ஃபேன நிறுத்து, படலம் வெடிச்சிடும்."

"நிறுத்தினா நீங்க வெடிச்சிடுவீங்க. ஏற்கெனவே வேர்த்து ஊத்திகினு கீது."

நிறுத்திவிட்டு டப்பாவை மெல்ல அழுத்தினாள்.

"இன்னாங்க, ரவுண்டு பூரியாட்டம் உப்பிச்சி. உங்களுது சப்பாத்தியாட்டம் படுத்துகினு கீது."

ஆக, சூத்திரம் தப்பு. அந்த உத்திரம் நான் எழுதிக்கொடுத்த அளவு முறுக்கைத் தாங்காது. மேஸ்திரிக்கு போன் போட்டேன்.

"நாளைக்கு கான்கிரீட் வேணாம். உத்திரத்த பெருசாக்கணும்."

"இன்னா சார், வண்டிலாம் சொல்லிட்டேனே! ஓனர் கேட்டா உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடவா?"

என்மேல் அவனுக்கு அவ்வளவு பாசம். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. இருமக்கூடத் தயாரானேன். மனைவி பார்த்தாள். இருமலை விழுங்கினேன்.

"வேணாம்பா. இன்ஜினியர் கணக்க தப்பா போட்டுட்டாருன்னே சொல்லு."

"அத்த சொன்னா நம்மள மறுபடி கூப்புட மாட்டாங்க சார்."

மனைவி போனுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்: "பால்கனி உழுந்தா மொதல்ல உங்க ரெண்டு பேரத்தான் கூப்புடுவாங்க!"

மேஸ்திரியின் சுருதி இறங்கியது.

"ஆங்... வண்டிய நிறுத்திடறேன் சார். அக்காகிட்ட சொல்லிடுங்க."