அத்தை அனுப்பி வைத்த குதிரை

என் அத்தை எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் "நான்தான்" என்பாள். வீட்டில் ஆள் இருந்தாலும் சொல்வாள், பூட்டிக் கிடந்த வீட்டைச் சாவி போட்டுத் திறந்தாலும் சொல்வாள். குளியலறைக் கதவுக்கும் அது உண்டு. என் அண்ணன் சின்ன வயதில், "பின்ன யாரு, திருடனா?" என்று உள்ளேயிருந்து கத்துவான். அத்தை அதற்குச் சிரித்ததும் இல்லை, கோபித்துக்கொண்டதும் இல்லை.

அது தாத்தாவால் வந்த பழக்கம். தாத்தாவுக்குக் கண் தெரியாது. சொல்லாமல் யாராவது பக்கத்தில் வந்து நின்றால் அவருக்குத் தூக்கிவாரிப் போடும், கையிலிருக்கும் டம்ளர் தரையில் உருளும். கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டவள் அத்தை. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் "அப்பாவை யாரு பாத்துப்பா?" என்ற ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பினாளாம். தாத்தா போனபோது அந்தக் கேள்விக்கு வேலையில்லை. ஆனால் அதற்குள் கேட்டு வருகிறவர்களும் இல்லாமல் போயிருந்தார்கள்.

அத்தைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவில் கொடுக்கும் இயந்திரம் அவளுடையது. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, மூலைகளைப் பிடித்துக்கொண்டு ஒன்றுபோல உள்ளே விட வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணிக்கொண்டு கையையும் இழுக்கப் பார்க்கும். அத்தையின் முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் வரிவரியாக இருக்கும். அந்த இரைச்சலில் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அங்கே பேசாமலிருந்து பழகி, வீட்டிலும் அவள் அதிகம் பேச மாட்டாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கடை இருந்தது. மரம் இழுக்க அங்கே ஒரு குதிரை வண்டி உண்டு. மரக்கடைக்காரர் லாரி வாங்கியதும் வண்டியை உடைத்து விறகாக்கினார். குதிரையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பின்பக்கத் தகரக் கொட்டகையில் கட்டிப் போட்டுவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஞாபகம் வந்தால் தீனி போடுவார், வராவிட்டால் இல்லை. சமையலறை ஜன்னலில் நின்றால் எனக்கு அந்தக் கொட்டகை தெரியும். குதிரை ஈரத்திலேயே நின்றது. குளம்புகள் வளர்ந்து செருப்பு மாதிரி முன்னால் வளைந்துவிட்டன. விலா எலும்புகளை எண்ணலாம். கண்ணோரம் எப்போதும் ஈ மொய்க்கும்.

ஒரு நாள் அத்தை கொல்லைக் கொடியில் துணி எடுக்கப் போனாள். கொல்லைக் கதவைத் திறக்கும்போது வழக்கம்போல "நான்தான்" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் குதிரை தலையைத் தூக்கியது. நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள். துணியை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்று, இன்னொரு முறை மெதுவாகச் சொன்னாள். குதிரையின் காதுகள் இரண்டும் அவள் பக்கம் திரும்பின. கண்கள் திரும்பவில்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் நேரே அங்கேதான். மரக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு கொட்டகையைக் கழுவினாள், தவிடும் புல்லும் வாங்கிப் போட்டாள், லாடம் அடிப்பவரைக் கூட்டிவந்து குளம்பை வெட்டச் செய்தாள். ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய விரிப்புகளைக் கிழித்து, கொதிக்க வைத்து ஆறிய உப்புத் தண்ணீரில் நனைத்து அதன் கண்ணைத் துடைப்பாள். மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது, முன்பே பார்த்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார்.

அண்ணன் குதிரைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தான். "அத்தை, மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்பான். அம்மா அவனை அதட்டுவாள், அதட்டிவிட்டு அவளும் சிரிப்பாள். அத்தை, "சாப்பிட்டார், உன்னைத்தான் கேட்டார்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள். அவளுக்கு இப்படி ஒரு பதில் சொல்லத் தெரியும் என்பதே எங்களுக்குப் புதிது.

பிறகு மரக்கடையை விற்றார்கள். மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கறிக்கும் தோலுக்கும் கிழட்டு மிருகங்களை வாங்கிப் போகும் ஆளிடம் மரக்கடைக்காரர் சொல்லி வைத்திருந்தார். அத்தை போய் நின்றபோது அவருக்கும் சங்கடம்தான். யாராவது நல்லபடியாக வைத்துக்கொள்வதாக இருந்தால் சும்மாவே தருகிறேன், ஆனால் மாதக் கடைசிக்கு மேல் என்னால் முடியாது என்றார்.

எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு கொல்லையும். கொல்லையில் துணிக்கொடிக்கே இடம் போதாது. அங்கே கட்டலாமா என்று அத்தை கேட்கக்கூட இல்லை.

முதலில், கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிவரும் ஆள் எடுத்துக்கொள்கிறேன் என்றான். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அத்தை மட்டும் சொல்லாமல் ஒரு மத்தியானம் போய், தூரத்தில் மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். அவனுடைய குதிரைகளுக்கு வாயோரம் கிழிந்து புண்ணாக இருக்கிறது, தண்ணீர் வாளியில் பாசி பிடித்திருக்கிறது, வேண்டாம் என்றாள். அடுத்து ஒரு செங்கல் சூளைக்காரர். அங்கேயும் போய்ப் பார்த்தாள், அதுவும் வேண்டாம். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"வர்ற சம்பந்தத்தை எல்லாம் இப்பவும் தட்டிக் கழிச்சா எப்படி, அண்ணி?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அம்மாவுக்கு உறைத்தது. அத்தை தட்டைக் கழுவி வைத்தாள். அப்பா எழுந்து வெளியே போனார்.

ஆஸ்பத்திரி அழுக்குத்துணி வண்டியின் டிரைவர் மூலம்தான் நல்ல இடம் வந்தது. ஊருக்கு வெளியே புருஷனும் பெண்டாட்டியுமாகச் செடி வளர்த்து விற்கிறார்கள், பெரிய வேலிபோட்ட நிலம், ஒரு வயதான பெண் குதிரையும் அங்கே உண்டு என்றார். அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பெண் குதிரையின் குளம்பைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், தொட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள். செடி வளர்க்கும் அந்தப் பெண்பிள்ளை அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. கண் தெரியாத குதிரை என்றால் எங்கள் குதிரையின் கழுத்தில் மணி கட்டிவிடலாம், உங்களுடையது சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மேய்ந்துவிடும் என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் அத்தை, "நல்ல இடம்" என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குதிரையை நடத்தித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அத்தை கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள், நான் பின்னால். அவள் குரல் நின்றால் குதிரை நின்றுவிடும். அதனால் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டில் வருஷக்கணக்கில் பேசாததை எல்லாம் அந்த ரோட்டில் பேசினாள். பள்ளம் இருக்கு, பாத்து வா. லாரி வருது, ஒண்ணுமில்ல. விரிப்பில் எந்த மூலை முதலில் கிழியும், சலவைக்கூடத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, தம்பி பெண்டாட்டி எதைச் சமைத்தாலும் உப்பைக் குறைத்துத்தான் போடுவாள். நான் பின்னால் வருவதே அவளுக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். நடுவில் ஓரிடத்தில் அதே குரலில் சொன்னாள்:

"ஒருத்தர் வந்திருந்தாரு, பஸ் மெக்கானிக். சட்டையில ஒரு பட்டனுக்கு மட்டும் வேற கலர் நூலு. அவரே தைச்சிருப்பாரு போல. பாவமா இருந்துச்சு. மேடு வருது, காலைத் தூக்கு."

பெண் கேட்டு வந்தவர்களை அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

கொண்டுபோய் விட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தை அங்கே போனாள். வேலிக்கு வெளியே நின்று "நான்தான்" என்றால் போதும், நிலத்தின் எந்த மூலையில் இருந்தாலும் குதிரை வந்துவிடும். அதற்குள் இன்னொரு கண்ணும் போய்விட்டிருந்தது. ஆனால் உடம்பு தேறியிருந்தது, ரோமம் மினுங்கியது. திரும்பி வந்து சாப்பிடும்போது, எடை கூடியிருக்கு, புண் ஆறிடுச்சு என்று இரண்டு வார்த்தை சொல்வாள். அண்ணன்கூட அப்போது கிண்டல் செய்வதில்லை.

ஒரு ஞாயிறு நானும் போயிருந்தேன். அந்தப் பெண்பிள்ளை எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு, தன் கை மண்ணைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு மூணு நாளைக்கு அது வேலிகிட்டயே நிக்குது. மணிச்சத்தம் கேட்டாலும் போறதில்ல, சரியா மேயறதுமில்ல. போன வாரம் ராத்திரில உங்களைத் தேடித் தொட்டில மோதி முட்டியைக் கிழிச்சுக்கிச்சு."

அத்தை டீயைக் கீழே வைத்தாள். "நான் பேசாம நின்னு பாத்துட்டுப் போறேனே?"

அதையும் செய்து பார்த்தோம். அத்தை வேலியோரம் வாயைத் திறக்காமல் நின்றாள். காற்று எங்கள் பக்கமிருந்து வீசியது. மேய்ந்துகொண்டிருந்த குதிரை நிமிர்ந்து, தடுமாறித் தடுமாறி வந்து, வேலிக்கு மேலாக மூக்கை நீட்டியது. அவளுடைய தோளையும் கையையும் முகர்ந்தது. பிறகு காதுகளை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே காத்து நின்றது. அத்தை புடவைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். தூரத்தில் பெண் குதிரையின் மணி கேட்டுக்கொண்டே இருந்தது. இது அந்தப் பக்கம் காதைக்கூடத் திருப்பவில்லை. நாங்கள் ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே நின்றது.

பஸ்ஸில் அத்தை சொன்னாள். "அது அந்த மணியைத்தான் நம்பணும். நான் நடுவுல வந்து நின்னுக்கிட்டே இருந்தா எப்படி நம்பும்?"

எப்போதாவது போகலாமே அத்தை என்றேன். "எப்பவாவது போறதுதான் அதுக்கு ரொம்பக் கஷ்டம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சலவைக்கூடத்தில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவளுக்குப் பதிலாக மாதம் ஒரு தடவை நான் போகிறேன். குதிரைக்கு என்னைத் தெரியாது, நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. வேலிக்குத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அத்தை தானாகக் கேட்க மாட்டாள். நான் சொல்லத் தொடங்கும்போது செய்துகொண்டிருக்கும் வேலையை மட்டும் நிறுத்துவாள். குளம்பு வெட்டியிருக்கிறார்கள், முட்டிக் காயம் இருந்த இடத்தில் முடி முளைத்துவிட்டது என்று சொல்வேன். மணிக்குப் பின்னால் அது தடுமாறாமல் நடக்கிறது, வேலிப்பக்கம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். நல்லது என்றாள்.

மரக்கடை இருந்த இடத்தில் இப்போது கிடங்கு வந்துவிட்டது. ஜன்னலில் நின்றால் அதன் சுவர்தான் தெரியும். குதிரை நன்றாக இருக்கிறது. அத்தை இன்னும் சலவைக்கூடத்துக்குப் போய்வருகிறாள்.