இடது சீட்டில் ஓர் அடைக்கோழி

கண்ணுகளா, ஒரு கேள்வி. பழைய கார் சீட்டைக் கழற்ற ஒருவன் வருகிறான். சீட்டின் மேல் ஒரு கோழி உட்கார்ந்துகொண்டு அவனை முறைக்கிறது. அவன் என்ன செய்ய வேண்டும்?

எனக்கும் தெரியவில்லை. போன மாதம் மஞ்சக்குட்டை என்ற மலைக் கிராமத்தில் அப்படித்தான் ஸ்பானரும் கையுமாக நின்றேன்.

நான் ஏற்காடு பஜாரில் ஜீப்புக்கும் வேனுக்கும் சீட் தைக்கிறவன் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த முறை வந்த வேலை ஜீப் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார்! சிவப்பு நிறம், பழைய வெளிநாட்டு வண்டி. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதில் ஏற முடியாது... இறங்கத்தான் வேண்டும். மொத்தமே இரண்டு சீட்.

சொந்தக்காரர் கந்தசாமி அய்யா. சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். இளவட்ட வயதில் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. ஒருநாள் எஞ்சின் படுத்துவிட்டது. வண்டியும் காப்பிக் கிடங்கிலேயே படுத்துவிட்டது. இப்போது சேலத்து மெக்கானிக் ஒருவர் வந்து எஞ்சினை எழுப்பிவிட்டார். உள்பக்கம்தான் பாக்கி. அதைப் பார்த்தால் அழுகை வரும். சீட்டு லெதரை எலி தின்றிருந்தது. எலி விட்டதைப் பனி தின்றிருந்தது. கார்பெட்டில் காளான் முளைத்திருந்தது.

அய்யாவுக்கோ அவசரம். ஏன் தெரியுமா? அவர் மனைவி சரசம்மா இந்த வண்டியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை! கல்யாணமான புதிதில் பக்கத்து சீட்டில் அய்யாவின் சிநேகிதர் உட்கார்ந்தார். அப்புறம் உர மூட்டை உட்கார்ந்தது. ஒரு பலாப்பழம்கூட ஜம்மென்று உட்கார்ந்து சேலம் போனதாம். சரசம்மா பஸ்ஸில் போனார். அந்தக் குறை தீர, இந்தக் கல்யாண நாளில் காரிலேயே சேலம் கூட்டிப்போவதாக அய்யா வாக்குக் கொடுத்திருந்தார்.

இப்போது அதே சீட்டில் கோழி. வண்டிக்குக் கூரையாகப் போட்டிருந்த மேல்துணியின் கிழிசல் வழியாக நுழைந்து, எலி பறித்த குழியில் முட்டையிட்டு, அடைக்கும் உட்கார்ந்துவிட்டது.

"தூக்கிக் கூடைல வெய்ப்பா," என்றார் அய்யா.

"கைய வெச்சுப் பாருங்க!" சரசம்மாவின் குரல் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தார். "அடைக்கோழியக் கூடு மாத்துனா எந்திரிச்சுப் போயிருமுங்க. அத்தனை முட்டையும் வீணாப் போயிரும்."

"ஏ சரசு, அது உன்ற சீட்டு!"

"என்ற சீட்டுதானுங்களே? நான் கோழிக்குக் குடுத்துட்டேன். நீங்க எத்தனை பேருக்குக் குடுத்தீங்க!"

அய்யா என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன். பெரியவர்கள் சண்டை போடும்போது பார்ப்பதற்கு ஒரு கோழி இருப்பது நல்லது.

கடைசியில் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். கூட்டை மாற்றினால்தானே கோழி போகும்? கூட்டோடு... அதாவது சீட்டோடு கழற்றிக் கிடங்கின் மூலையில் வைத்துவிட்டால்? சரசம்மா யோசித்துவிட்டுச் சரி என்றார் — சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக் கெஞ்சிக் கெஞ்சிக் கழற்றினேன். அய்யா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கினோம். கோழி அசையவில்லை. கல்யாணப் பெண்ணாவது அப்படி வருவாளா!

இறக்கி வைக்கும்போது அய்யா கத்தினார்.

"அட, என்ற கைப்பிடி!"

கோழியின் இறகுக்கடியில், முட்டைகளுக்கு நடுவே பளபளவென்று ஓர் இரும்பு எட்டிப் பார்த்தது. கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றுகிற கைப்பிடி! அதே மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கோயமுத்தூர், சென்னை என்று ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருந்தார் மனிதர்.

"அடைக்கு இரும்பு வெக்கோணுமில்லீங்க? இல்லாட்டி இடிச் சத்தத்துல முட்டை கெட்டுப் போகுமே. வண்டிக்குள்ளயே கெடந்துச்சு, எடுத்து வெச்சேன்," என்றார் சரசம்மா.

அய்யா கையை நீட்டினார். கோழி கொத்தியது. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

நான் மற்ற வேலைகளைப் பார்த்தேன். மேல்துணி மாற்றினேன். புதுக் கார்பெட் ஒட்டினேன். வலது சீட்டுக்கு ஃபோம் வைத்து, பழுப்பு லெதரில் தைத்தேன். ஜீப் பழக்கத்தில் ஃபோமைக் கனமாக வைத்துவிட்டேன் போல... அய்யா உட்கார்ந்ததும் தலை மேல்துணியில் முட்டியது. "ஏம்ப்பா, நானென்ன லாரியா ஓட்டப் போறேன்?" என்றார். பிரித்து, மெலிசாக மறுபடி தைத்தேன். கோழி எழுந்தால் இடது சீட்டையும் தைத்துவிடலாம் என்று நானும் காத்திருந்தேன்.

கல்யாண நாளும் வந்தது. கோழி எழுந்ததா? ஊஹூம்! அன்று காலையில்தான் முதல் முட்டையில் விரிசல் விட்டிருந்தது.

கார் மாப்பிள்ளை மாதிரி மின்னியது. சரசம்மா பட்டுப் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்து வந்து நின்றார். காருக்குள் எட்டிப் பார்த்தார். வலது பக்கம் புது சீட். இடது பக்கம் வெறும் கார்பெட்.

"ஒரு முக்காலியப் போட்டுக் கட்டிறலாமாப்பா?" என்று அய்யா என் காதில் கேட்டார்.

"அய்யா, மொத வளைவுலயே முக்காலி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் போயிருவாங்க," என்றேன்.

அய்யாவின் முகம் விழுந்துவிட்டது. விளையாட்டு இல்லை, கண்ணுகளா... நிஜமாகவே விழுந்துவிட்டது. "நொம்ப ஆசையா இருந்தேன் சரசு. இன்னிக்கும் முடியல பாரு," என்றார்.

சரசம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வலது பக்கக் கதவைத் திறந்தார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"சீட்டு ஒண்ணு இருக்குதில்லீங்க? ஒரு ஆளு போலாமே."

தோட்டத்து ஜீப்பைப் பஜாருக்கு ஓட்டி வருகிறவரே சரசம்மாதான். இந்த மலையின் வளைவு அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அய்யா சாவியைக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான், கொடுத்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

"ஏனுங்க, குஞ்சு சீட்டுலருந்து கீழ உழுந்தறாமப் பாத்துக்குங்க. பூனை வரும், பக்கத்துலயே இருங்க. சேலத்துல தட்டுவடை செட்டு வாங்கியாரட்டுங்களா?"

"...காரம் கொஞ்சம் தூக்கலா," என்றார் அய்யா.

சிவப்புக் கார் ஒரு உறுமல் உறுமிக்கொண்டு போய்விட்டது. அய்யா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, பூனைக் காவலுக்குக் கோழி பக்கத்தில் போய்க் குத்தவைத்தார்.

கண்ணுகளா, யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால் சீக்கிரம் செய்துவிடுங்கள்... காத்திருக்கிறவருக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்கலாம்!