கவிழ்த்து வைத்த அளவுப்பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை வாணி வீட்டுக்கு வந்திருந்தாள். தவம் அண்ணையின் மகள். தகப்பன் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, மிஞ்சிய பலகாரத்தைத் தந்துவிட்டுப் போக வந்தவள், சும்மா இருக்கமாட்டாமல் குசினிக்குள் போய் என் மனைவியோடு சேர்ந்து பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டாள். ரைஸ் குக்கரோடு வந்த சின்னப் பிளாஸ்டிக் கோப்பையையும் கழுவி, சிங்க் ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தி வைக்க என் கை தானாக நீண்டது. பிறகு என்ன நினைத்தேனோ, இழுத்துக்கொண்டேன்.

அந்தக் கோப்பை உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கும். டம்ளருக்கும் சேராமல் தேத்தண்ணிக் கோப்பைக்கும் சேராமல் இதென்ன அளவு என்று நீங்களும் ஒருநாள் யோசித்திருப்பீர்கள். அது ஜப்பான்காரரின் ஒரு 'கோ'. நாங்கள் காலியான டின்பால் பேணியால் சுண்டு சுண்டாக அளந்தோமே, அதுபோல அவர்களுக்குக் கோ. எங்கள் சுண்டில் பாதிக்குக் கொஞ்சம் கூட வரும். பத்துக் கோ ஒரு ஷோ, பத்து ஷோ ஒரு தோ. இந்த வித்துவமெல்லாம் நான் படித்து வந்ததல்ல. எண்பதுகளின் கடைசியில், லண்டனில் வங்கிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் சிட்டிப் பக்கத்தில், நிலத்துக்குக் கீழே இருந்த ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி வந்தது.

தவம் அண்ணைதான் என்னை அங்கே சேர்த்துவிட்டார். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூப்பு. வால்தம்ஸ்டோவில் ஒரே அறையில் இருந்தோம். மனைவி சரோ அக்காவும் மகள் வாணியும் யாழ்ப்பாணத்தில். அகதிக் கேஸ் முடிந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். கேஸ் அசைகிற பாடாயில்லை. அந்த மனுசனுக்கு வேறு யோசனையே கிடையாது. பஸ்ஸில் போனாலும் அதே கதை, பல் விளக்கினாலும் அதே கதை.

கடை முதலாளியே சமையல்காரர். தலையைச் சுத்தமாக வழித்திருப்பார். நாங்கள் வைத்த பெயர் மொட்டையர். அரிசி அளக்க அவரிடம் ஒரு சதுர மரப்பெட்டி இருந்தது. 'மசு' என்பார். மூடி இல்லாத, ஆணி இல்லாத பெட்டி. பென்சில் சீவும்போது வருமே ஒரு வாசம், அந்த வாசம். பிறகு என் மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவனுக்குப் பென்சில் சீவிக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குசினியின் ஆவி முகத்தில் அடிக்கும். அவன் கணக்கில் மோசமானதற்கு நான் பென்சிலை மோந்துகொண்டு நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் நாளே தவம் அண்ணை அரிசியைக் கோபுரம்போலக் குவித்து அளந்தார். எங்கட ஆக்கள் வேறெப்படி அளப்பார்கள்? தலை வழித்து அளப்பது கஞ்சப்பயல் வேலை. ஆனால் தண்ணீர்க் கணக்கு வழித்த அளவுக்குத்தான். சோறு விறைச்சுக்கொண்டு வந்தது. மொட்டையர் ஒன்றும் பேசாமல் வந்து உள்ளங்கையால் ஒரு வழி வழித்துக் காட்டினார். அதே மனுசன் இரவில், அதே மாதிரிப் பெட்டிக்குள் கிளாசை வைத்து, சாராயத்தை நிரம்பி வெளியே வடிய வடிய வார்ப்பார். அது விருந்தாளிக்கு மரியாதையாம்.

"குடிக்கிறவனுக்குத் தாராளம், தின்னுறவனுக்குக் கஞ்சத்தனம். நல்ல நாடுதான்" என்றார் தவம் அண்ணை.

ஒருநாள் மொட்டையர் நல்ல மனநிலையில் இன்னொரு அளவும் சொல்லித் தந்தார். கோகு. ஒரு ஆள் ஒரு வருசம் தின்னுகிற அரிசி. அந்தக் காலத்துப் பிரபுக்களின் பெருமையே எத்தனை கோகு என்பதில்தானாம். தவம் அண்ணைக்கு அது பிடித்துப்போயிற்று.

"அப்ப எங்கட வீடு மூண்டு கோகு, என்ன தம்பி?"

"வாணிக்கு அரைக் கோகு காணும் அண்ணை."

"போடா, அவள் வளருவாள்."

சண்டை வந்தது அளப்பதில் அல்ல, கழுவி வைப்பதில். மொட்டையர் பெட்டியைக் கழுவியதும் கவிழ்த்து வைப்பார். தவம் அண்ணை அந்தப் பக்கம் போகும்போது நிமிர்த்தி, உள்ளே நாலு அரிசி போட்டுவிட்டு வருவார். அரிசி அளக்கிற பாத்திரத்தை எங்கள் வீடுகளில் வெறுமையாக வைப்பதில்லை, கவிழ்ப்பது அறவே இல்லை. மொட்டையருக்குக் கோபம் வரும். அரிசியைத் தட்டிக் கொட்டிவிட்டு மறுபடி கவிழ்ப்பார்.

"வூட். டிரை" என்பார். மரம், காய வேணும். பூஞ்சணம் பிடித்தால் பெட்டி போச்சு. அவருக்குத் தெரிந்த இங்கிலீசில் அது பெரிய பிரசங்கம்.

மாதக்கணக்கில் இது நடந்தது. "விடுங்கோவன் அண்ணை, அந்தாளின்ர பெட்டி" என்றேன் ஒருநாள்.

"உனக்கென்ன, நீ தனிக்கட்டை. அளவைக் கவிழ்த்தா வீடு கவிழும். அங்க ரெண்டு சீவன் இருக்குது. எனக்கு இங்கயிருந்து வேற என்னடா செய்ய ஏலும்?"



தொண்ணூறில் ஊரில் மறுபடி யுத்தம் தொடங்கியது. கடிதம் நின்றது. யாழ்ப்பாணத்துக்குப் போன் கிடையாது, கொழும்புக்கு யாராவது வந்தால்தான் சேதி. தவம் அண்ணை நாலு அரிசியை விட்டு ஒரு பிடி போடத் தொடங்கினார். மொட்டையர் என்ன விளங்கிக்கொண்டாரோ, ஏசுவதை நிறுத்திவிட்டார். ஆனாலும் கவிழ்ப்பதை நிறுத்தவில்லை.

ஒருநாள் மத்தியானக் கூட்டம் கலைந்த நேரம், குசினிச் சுவரில் இருந்த போன் அடித்தது. சரோ அக்காவின் தமையன், கொழும்பிலிருந்து. தவம் அண்ணை "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார். "பிள்ளை?" என்று ஒருமுறை கேட்டார். பிறகும் "ஓம்". போனை வைத்துவிட்டு என்னிடம், ஏதோ பஸ் பிந்திவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"சரோ சங்கக்கடையில அரிசிக்கு வரிசையில நிண்டிருக்கிறாள். பொம்பர் வந்து குண்டு போட்டிட்டுது. வாணி பெரியம்மாவோட வீட்டில நிண்டதாம். பிள்ளைக்கு ஒண்டுமில்லை."

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் விடுவித்துக்கொண்டு நேரே அலமாரிக்குப் போனார். காலையில் அவரே நிமிர்த்தி வைத்த பெட்டி. உள்ளே கிடந்த அரிசியைச் சாக்குக்குள் கொட்டினார். கழுவினார். கவிழ்த்து வைத்தார்.

மொட்டையருக்கு நான்தான் சொன்னேன். "வைஃப். பாம்." வேறு எப்படிச் சொல்வது? அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய், அந்தப் பெட்டியை நிமிர்த்தினார். இரண்டு கையாலும் அரிசி அள்ளி நிரப்பினார். வழிக்கவில்லை. எங்களைப்போலவே குவித்து வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

தவம் அண்ணை அந்த அரிசியையும் சாக்குக்குள் கொட்டினார். ஒரு மணிகூடச் சிந்தவில்லை. பெட்டியைக் கவிழ்த்தார்.

"வூட். டிரை" என்றார்.

மொட்டையர் அழுதார். தவம் அண்ணை அழவில்லை. எனக்கு அந்தக் கடவுள், சாத்திரம், எல்லாவற்றிலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பின்னேரம் வழக்கம்போலக் கடை திறந்தது, சோறு வெந்தது. கோகு என்ற சொல் பிறகு அவர் வாயில் வரவில்லை.

சில வருசத்தில் ஜப்பான் வங்கிக்காரர் ஒவ்வொருவராகத் திரும்பிப் போக, கடை படுத்துவிட்டது. மொட்டையரும் ஊருக்குப் போய்விட்டார். இப்போது அந்தப் படியிறங்கினால் ஜிம், ஆட்கள் ஓடுகிற மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டி என்னவாயிற்றோ தெரியாது. வாணியைப் பெரியம்மா கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்க்க, தொண்ணூறுகளின் நடுவில் தவம் அண்ணை இங்கே கூப்பிட்டு எடுத்தார். தனி ஆளாக வளர்த்தார். அவர் குசினியில் அரிசிப்பேணி எப்போதும் கவிழ்ந்தேதான் கிடக்கும். நான் பார்ப்பேன், கேட்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கை இழுத்துக்கொண்டதை வாணி கண்டுவிட்டாள்.

"லீவ் இட், சித்தப்பா. காயட்டும். அப்பா எப்பவும் இப்பிடித்தான். பிளாஸ்டிக் கப்பைக் கவிட்டு வைச்சிட்டு 'வூட், டிரை' எண்டு சொல்லுவார். எனக்குச் சின்னனில ஒரே சிரிப்பு. இது வூட்டே இல்லையப்பா எண்டுவன். அப்பாவும் சிரிப்பார். அதென்ன ஜோக் எண்டு கடைசி வரைக்கும் சொல்லேல்ல. உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

அவள் போன பிறகும் கோப்பையை நான் நிமிர்த்தவில்லை.