கதவு தேய்த்த சனிக்கிழமை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். அந்தச் சனிக்கிழமை அதை வெளியே விடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரர் படுக்கையறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றி, கூடத்தில் இரண்டு ஸ்டூல்களின் மேல் படுக்கப் போட்டிருந்தார். புதுப் பெயிண்ட் அடிக்கப் போகிறாராம். திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்புவதாக இருந்தது.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் அவர் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். தகட்டை வலது கையால் உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்த பிறகு மெஷினை இறக்க வேண்டும். அந்தத் தகடுகளில் ஒன்றுதான் நழுவி அவர் மணிக்கட்டைக் கிழித்தது. தையல் பிரித்தாயிற்று, காயமும் ஆறிவிட்டது. விரல் மரத்த மாதிரி இருந்தால் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்று இவர் அங்கேயே கதையை முடித்துவிட்டார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொதிக்கிற காபி டம்ளரை விளிம்பில் பிடிக்காமல் முழுக் கையால் பிடித்துக்கொண்டு டிவி பார்த்தார். சட்டைப் பையில் சில்லறை தேடினால் கையை விட்டுத் துழாவ மாட்டார். பையை விரித்து எட்டிப் பார்ப்பார். கேட்டால் எரிந்து விழுவார்.

“ஊட்ல குந்திக்கினு என் கையவே பாத்துக்கினு இருக்கியே, உனக்கு வேற வேல இல்லியா?” என்றார் ஒரு நாள்.

நானும் சளைத்தவள் இல்லை. “உங்க கையி எனக்கும் சேத்துதான்” என்று சொல்லிவிட்டு டம்ளரைத் தொட்டியில் வீசினேன். அது நசுங்கியது.

கை சரியாகிவிட்டது என்று என்னை நம்பவைக்கத்தான் கதவு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது கூடவா புரியாது?

கதவும் லேசுப்பட்ட கதவில்லை. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் பழைய பெயிண்டின் மேலேயே பூசிப் பூசி, அது வழிந்து காய்ந்து திட்டுத் திட்டாக நின்றது. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெயிண்டர். கல்யாணத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு போய் இவருக்கும் வேலை பழக்கம். பழசைச் சுரண்டினார். பள்ளங்களில் பட்டி வைத்து அடைத்தார். வெள்ளை பிரைமர் ஒரு கை அடித்து ராத்திரி முழுக்கக் காயவிட்டார். இனி நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பெயிண்ட் டப்பாவைத் திறக்கலாம். எங்கள் தெருவில் லாரிக்கு ஓய்வே கிடையாது, ஈரப் பெயிண்டில் தூசி உட்கார்ந்துவிடும் என்று ஜன்னல்களை முன்கூட்டியே அடைக்கச் சொன்னார். ஃபேனும் போடக் கூடாதாம். தரையில் நான் தெளித்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காய்ந்து போனது. இருவருக்கும் முதுகில் வேர்வை ஓடியது.

தேய்த்தது வழவழப்பாக வந்திருக்கிறதா என்று அவர் பார்க்கிற விதமே தனி. கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் மெதுவாகத் தடவுவார். “கண்ணு ஏமாந்துடும். கைக்குத்தான் தெரியும்” என்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் தடவினார். “வெண்ணெ மாதிரி இருக்குது” என்றார்.

அவர் தடவிய இடத்திலேயே நானும் தடவிப் பார்த்தேன். பட்டி வைத்த இடம் தழும்பு மாதிரி மேடாக நின்றது. நேற்றுப் பிறந்த குழந்தை தொட்டாலும் தெரியும்.

சொன்னால் வீடு ரெண்டுபடும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்த விரல்கள் மெஷினுக்கு உள்ளே இருக்கின்றனவா, வெளியே வந்துவிட்டனவா என்று அவருக்கு யார் சொல்வது? நான் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அவர் பூட்டுப் பக்கத்து ஓரத்தைத் தேய்க்கப் போனார். பழைய தாழ்ப்பாளின் ஆணி அங்கே மரத்தைப் பிளந்திருந்தது. நன்றாக அழுத்தித் தேய்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைத் தடவினார். அப்படியே கையைக் கதவின் நடுவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார்.

“இப்ப பாரு. எங்கனா தட்டுதா?”

அவர் விரல் வந்த வழியெல்லாம் வெள்ளைப் பிரைமரின் மேல் சிவப்பாக ஒரு கோடு.

கண்ணைத் திறந்தவர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்தார்.

“இன்னா இது, ரத்தம்? எங்க கீறிக்கின?”

என் வலது கையைப் புரட்டிப் பார்த்தார். விரல் விரலாக விரித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க என் உள்ளங்கையெல்லாம் ரத்தமாயிற்று. அவருக்கு இன்னும் பதற்றமாகிவிட்டது. இடது கையையும் பிடித்துத் தேடினார்.

“எங்க பட்டுது, சொல்லேன். வலிக்குதா?”

ஒரு வாரமாக நெஞ்சில் சேர்த்து வைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அழுகை வந்தது. அவர் வலது கையைப் பிடித்து மேலே திருப்பிக் காட்டினேன். ஆள்காட்டி விரல் நகத்துக்கு அடியில், தீக்குச்சிப் பருமனுக்கு ஒரு மரச் சிராய் பாதிக்குமேல் ஏறியிருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இடது கையால் பிடித்து இழுத்தார். சிராய் வந்தது, ரத்தமும் வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. விரலை அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார். நகம் வெளுக்கும்வரை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் புடவைத் தலைப்பால் அந்த விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். இருவரும் கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தோம். வெளியே ஒரு லாரி போயிற்று, ஜன்னல் அதிர்ந்தது.

“ஃபோன எடு” என்றார். “சூப்பர்வைசர் நம்பர் அதுல இருக்குது. நீயே பேசு. நான் பேசினா, வந்துடறேன் சார்னு சொல்லிடுவேன்.”