ஒரே குத்தில் கோத்த நூல்

என் துணிப்பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு சிவப்புத் துண்டுத் துணி தைத்திருக்கிறேன். அதில் ஓர் ஊசி குத்தியிருக்கிறது. ஒரு முழ நீளத்துக்கு அன்னாசி நார் நூல் அதில் தொங்குகிறது. கோத்தவர் என் வீட்டுக்காரர். அந்த நூலால் இதுவரை ஒரு தையல்கூடப் போட்டதில்லை, போடவும் மாட்டேன்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பலகை வீட்டின் பின்னறையில் இருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் லோரி ஓட்டினார். ஜெஞ்சாரோம் பக்கத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வருவார். பெட்ரோல் கிடைக்காததால் கரி வாயுவில் ஓட்ட, லோரியின் பின்னால் கரி அடுப்பைப் பூட்டியிருந்தார்கள். அதன் புகையைக் குடித்துக் குடித்து டிரைவர்களுக்கெல்லாம் தலைவலி. அதற்கு அவர்களாகவே ஒரு மருந்தும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள், கரிச்சூட்டுக்குக் கள்ளுதான் குளிர்ச்சியாம். எந்த வைத்தியன் சொன்னானோ!

என் மாமனார் சம்சுச் சாராயம் குடித்தே செத்தவர். அதனால் இவர் சம்சுவைத் தொடுவதில்லை என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவர், அதை மீறவும் இல்லை. ஆனால் அந்தச் சத்தியத்தில் கள்ளு சேரவில்லை. "கள்ளு குடி இல்ல புள்ள, அது சாப்பாடு லா" என்பார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் வீட்டு வரிசையில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். அரிசி கண்ணில் படாத நாளில் ஒரு மங்குக் கள்ளு பசியை அடக்கியது உண்மை. வெறும் வயிற்றில் அது என்ன செய்யும் என்று யோசிக்க யாருக்கும் தெம்பில்லை.

எனக்கு மட்டும் பயம். லோரி ஏறப் போகிறவர் வாயில் புளித்த வாடை வந்தால் நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அப்படிச் சண்டை முற்றியபோது, "ஊசியக் கொடு, நூலக் கொடு, நான் நிதானமா இருக்கேனா இல்லையான்னு பாரு" என்றார். அப்போது இருந்த துணியெல்லாம் கிழிசல், ஊசி எந்நேரமும் கையில்தான் இருக்கும். கொடுத்தேன். நூல் நுனியை எச்சிலில் நனைத்து, ஒரே குத்தில் கோத்துவிட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டு வழக்கமானது. கோத்தால் போகலாம், கோக்காவிட்டால் படுக்க வேண்டும். அவர் ஒரு தடவையும் தவறியதில்லை.

பிறகு ஒரு நாள், நல்ல மதியம். ஒரு நடை முடித்துவிட்டு வந்தவர் கள்ளுக்கடையில் வழக்கத்தைவிட அதிகமாகவே குடித்திருந்தார், கண் சிவந்திருந்தது. கிள்ளானுக்கு இன்னொரு நடை இருக்கிறது என்றார். "வேணாங்க, இன்னிக்குப் படுங்க" என்றேன். அவர் ஊசியை எடுத்தார். கை ஆடவே இல்லை. "பாத்தியா, ஒரே குத்து" என்று ஊசியை என் முந்தானையில் குத்திவிட்டுப் போனார்.

பிறகு நடந்ததையெல்லாம் அவரோடு போன கெலிண்டன் வந்து சொல்லித்தான் தெரியும். கெலிண்டன் என்றால் லோரியில் உதவிக்கு வரும் ஆள், அவன் நல்லவன். கையில் கட்டோடு வாசலில் நின்று அழுதான்.

"அண்ணே தூங்கல அண்ணி. வழியில காவலுக்கு நின்ன ஜப்பான்காரனுக்கு எறங்கி, குனிஞ்சு, ஆடாம கும்பிட்டாரு. அவனுக்கே ஒண்ணும் தெரியல. அப்பறம் வளைவுல மாட்டு வண்டி குறுக்க வந்துச்சு. 'மாடு, மாடு'ன்னு நான் கத்துறேன். 'தெரியுது லா'ன்னாரு. தெரியுதுன்னாரே தவிர, காலு பிரேக்குக்குப் போகல அண்ணி. லேட்டாதான் போச்சு."

லோரி வண்டியை இடித்து மரத்தில் மோதியிருக்கிறது. வண்டிக்காரர் இடுப்பொடிந்து கிடந்தார். ஒரு மாடு அங்கேயே செத்தது. என் வீட்டுக்காரரைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பிரேக்கைத் திட்டினார்கள், கரி லோரியைத் திட்டினார்கள், என் ஜாதகத்தையும் விடவில்லை. "கள்ளுதான் காரணம்" என்று நான் சொன்னேன். "கள்ளு என்னம்மா செய்யும்? செத்தவன் பேரைக் கெடுக்காதே" என்றார் ஒரு பெரியவர். புருஷன் போனதைவிட, கள்ளுதான் என்று என்னோடு சேர்ந்து சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் என்னை அதிகம் தனியாக்கியது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் அதைப் பேசவில்லை.

இப்போது சாலாக் செலாத்தானில் அடுக்குமாடியில் ஒற்றை ஆளாக இருக்கிறேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் விருந்து முடிந்து வருகிறவர்கள் பேசுவது மாடிவரை கேட்கும். "பீருதானே பாஸ், கோப்பி குடிச்சாச்சு, ஸ்டெடி லா" என்று ஒருவர் ஒற்றைக் காலில் நின்று காட்டுகிறார். மற்றவர்கள் கை தட்டுகிறார்கள். கார் கிளம்பிப் போகும் சத்தம் தேயும்வரை நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நிற்பேன். எந்த வீட்டில் எவள் காத்திருக்கிறாளோ.

நேற்று ரவிக்கைக் கொக்கி தெறித்துவிட்டது. வேறோர் ஊசியை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தேன். கண் மங்கிவிட்டது, விரல் நடுங்குகிறது, நூல் பக்கவாட்டிலேயே போகிறது. கோத்துக் கொடு என்று கேட்கவும் பக்கத்தில் ஆளில்லை. ஆயுளில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவள் நான், என்னால் கோக்க முடியவில்லை. அவ்வளவு குடித்திருந்த அவர் ஒரே குத்தில் கோத்தார். அதை நம்பித்தானே வாசலை விட்டு விலகி நின்றேன்.